மூன்றாவது உருப்படி

இசக்கியப்பனைப் போலீஸ் பிடித்த காலையில் அவன் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், பின் சீட்டில் நாலாவது ஆளாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். வல்லம் வடகால் பக்கம் புதிதாக எழும்பிய கம்பெனி ஒன்றில் பத்து மணிக்கு இன்டர்வியூ. சட்டையை அயர்ன் பண்ணி, கையில் வாட்ச் கட்டி, ஃபைல் கசங்காமல் நிமிர்த்திப் பிடித்திருந்தான். மஃப்டியில் வந்த இரண்டு பேர் குனிந்து உள்ளே பார்த்து, "இசக்கியப்பன் யாருப்பா?" என்றார்கள். இன்டர்வியூவுக்குத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றியதாம். "நான்தான் சார்" என்று கையைத் தூக்கினான்.

அது 2013 ஆகஸ்ட். அவன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஐ.டி.ஐ. முடித்து, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பழகி, லைசன்ஸ் எடுத்து, கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தவன். ஒன்றரை டன் பெட்டியைத் தூக்கி மூன்றாவது தட்டில் வைத்தால் பெட்டிக்கும் தூணுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கும், ஒருநாளும் உரசியதில்லை. அதே வருஷம் ஜூலையில் கான்ட்ராக்ட் ஆட்களை மொத்தமாக நிறுத்தியபோது கம்பெனி வாசலில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் தள்ளுமுள்ளு; செக்யூரிட்டி அறைக் கண்ணாடி உடைந்தது, ஒரு காவலாளிக்கு மண்டையில் அடி. யார் அடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இருபத்து மூன்று பேர் பெயரில் வழக்கு பதிவானது. தன் பெயர் அதில் இருப்பது ஷேர் ஆட்டோவில்தான் இசக்கியப்பனுக்குத் தெரிந்தது.

மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, ரிமாண்டு ஆகி, மத்தியச் சிறைக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம். கையில் இருப்பதை ஒப்படைக்க வேண்டும். உடைமை அறையில் கோபால் என்ற எழுத்தர் இருந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"ஒண்ணு, கைக்கடிகாரம். ரெண்டு, ஃபோர்க்லிஃப்ட் லைசன்ஸ். மூணு, இன்னா இது?"

"ஃபைலு சார். உள்ள ஐ.டி.ஐ. சர்டிபிகேட் ஒரிஜினலு இருக்கு."

"மூணு, ஃபைல். ஐ.டி.ஐ. சான்றிதழ் அசல் ஒன்று. போடு கையெழுத்த."

இசக்கியப்பன் இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதினான். நீளமான பெயர், கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது. "பத்தரமா இருக்கும்ல சார்?" என்று கேட்டான். "சர்க்கார் அலமாரிப்பா, எங்க போவும்?" என்றார் கோபால்.

பத்தொன்பதாவது நாள் எல்லோருக்கும் ஜாமீன் கிடைத்தது. ஆளுக்கு இரண்டு ஜாமீன்தாரர், உள்ளூரில் சொந்த வீடோ நிலமோ உள்ளவர்களாக இருக்க வேண்டும். சுற்றுவட்டாரத்துப் பையன்களுக்கு மாமன், சித்தப்பன் வந்து வரி ரசீதை நீட்டினார்கள். ஒருவர் பின் ஒருவராக இருபத்திரண்டு பேரும் வெளியே போனார்கள். இசக்கியப்பனுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு செங்கல்கூட சொந்தமில்லை, சொந்தக்காரரும் இல்லை. அவன் மனைவி வேல்விழி சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றாள். அவளோடு வேலை செய்தவர்களெல்லாம் அவளைப் போலவே வாடகை அறையில் இருந்தவர்கள். வீட்டுக்கார அம்மா தாயாரம்மாளிடம் கேட்டாள். "எனக்குக் குடுக்கலாம்னுதான் கீது. பசங்க ஒத்துக்க மாட்றானுங்கம்மா. கேசு, கோர்ட்டுன்னா பயப்பட்றானுங்க" என்றார் அவர். அதில் பொய்யில்லை என்று வேல்விழிக்கும் தெரியும்.

வாரம் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு வேல்விழி வந்து மனு போட்டு அவனைப் பார்ப்பாள். இரட்டைக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர், இந்தப் பக்கம் நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அவள் சொல்வதில் பாதி காதில் விழாது. ஆனாலும் அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் அவன் மற்ற ஆறு நாளையும் கடத்தினான்.

செப்டம்பர் கடைசியில் அவன் இருந்த பிளாக்கில் சோதனை நடந்தது. கழிவறைச் சுவரில் ஒரு செங்கல்லுக்குப் பின்னால் செல்போன் ஒன்றும் சார்ஜர் ஒன்றும் கிடைத்தன. முப்பது பேர் படுக்கும் அறை அது. வார்டர்கள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. போர்வைகளை உதறிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சரி, அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த மனு நாளில் இசக்கியப்பன் தலைவாரி, பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தான். மத்தியானம் வரை கூப்பிடவில்லை. வேல்விழிக்கு லீவு கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டான். அடுத்த வாரமும் கூப்பிடவில்லை. வார்டரிடம் கேட்டதற்கு அவர், "ஒனக்குத்தான் ஒரு மாசம் மனு கட் ஆச்சே, தெரியாதா?" என்றார்.

"எதுக்கு சார்?"

"போன் வெச்சிருந்த இல்ல?"

"நான் வைக்கல சார். எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லியே."

"ஆபீஸ்ல எழுதியாச்சிப்பா. என்னைக் கேட்டா?" வார்டர் கோபப்படவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு நடந்தார்.

இரண்டு வாரமும் வேல்விழி வந்திருக்கிறாள், ஜன்னலில் இருந்தவர் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டாவது முறை அவள் வக்கீலைப் போய்ப் பார்த்தாள். ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம், அவனுடைய லைசன்ஸ் நகல் இருந்தால் நல்லது என்று வக்கீல் சொல்லி, சிறைக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். அந்தக் கடிதத்தின் பேரில் இசக்கியப்பனை உடைமை அறைக்குக் கூட்டிப் போனார்கள். கோபால் பதிவேட்டைப் புரட்டினார். மூன்று வரிகளின் மேலும் சிவப்பு மையில் ஒரு குறுக்குக்கோடு இருந்தது.

"ஒன் சாமான்லாம் பறிமுதல்னு போட்டுக்கீது."

"யாரு போட்டா?"

"தண்டனை உத்தரவுல வந்துது. நான் இன்னா பண்ண முடியும்?" கோபால் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "லைசன்சும் வாட்சும் உள்ள கவர்ல கீது. அந்த ஃபைலு... வெள்ளை அடிக்கறப்போ அலமாரிய காலி பண்ணாங்க. பறிமுதல் ஆன பேப்பருன்னு பழைய பேப்பரோட போயிருக்கும்."

இசக்கியப்பன் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா செத்த வருஷம், காலையில் பேப்பர் போட்டுவிட்டு, பகலில் வகுப்புக்குப் போய், சாயங்காலம் பஞ்சர் கடையில் இருந்து வாங்கிய சர்டிபிகேட் அது. இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனி வாசலிலும் முதலில் கேட்பது அதைத்தான். அவனுடைய பெயரும் அவன் கற்றதும் ஒன்றாக எழுதியிருந்த தாள் உலகத்தில் அது ஒன்றுதான். சிறைக்குள் வந்த பிறகு பட்ட அவமானங்களை அவன் ஒருமாதிரி விழுங்கியிருந்தான். இதை விழுங்க முடியவில்லை. உடம்பைப் பிடித்து உள்ளே வைக்கிறார்கள், அதற்கு ஒரு நீதிபதி கையெழுத்துப் போட்டார். சாமானை எடுத்ததற்கு யார் போட்டார்கள்?

மாதம் ஒருமுறை மாவட்ட நீதிபதி சிறையைப் பார்வையிட வருவார். அக்டோபரில் வந்தார். கைதிகளை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். சூப்பிரண்டு பக்கத்தில் நடந்துவர, நீதிபதி, "சாப்பாடு எப்படி இருக்கு? டாக்டர் வர்றாரா? வேற ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டுக்கொண்டே போனார். நல்லா இருக்குங்கய்யா என்று வரிசை முழுக்க ஒரே பதில். இசக்கியப்பன் எழுந்து நின்றான். பக்கத்தில் இருந்தவன் அவன் கைலியைப் பிடித்து இழுத்தான்.

"ஐயா, எம்மேல ஒரு தண்டனை போட்டிருக்காங்க. என் வீட்டுக்காரி ரெண்டு தடவ வந்து திரும்பிப் போயிட்டா. சாமானையும் பறிமுதல் பண்ணிட்டாங்க. என்ன தப்பு செஞ்சேன்னு எங்கிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல."

நீதிபதி சூப்பிரண்டைப் பார்த்தார். சூப்பிரண்டு ஜெயிலரைப் பார்த்தார். ஜெயிலர், "விசாரிச்சுத்தான் போட்டோம் அய்யா. ஒப்புக்கிட்டு இருக்கான்" என்றார். தண்டனைப் பதிவேடு வந்தது. மேசையும் நாற்காலியும் வேப்பமரத்தடிக்கு வந்தன. நீதிபதி உட்கார்ந்து நிதானமாகப் படித்தார்.

"செல்போன் தன்னுடையதுதான்னு நீங்க ஒப்புக்கிட்டதா எழுதியிருக்கு. கீழ கைரேகை வெச்சிருக்கீங்களே?"

"கைரேகையா?" இசக்கியப்பனுக்கு முதலில் புரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தான். நீல மையில், கொஞ்சம் இழுவிய ஒரு பெருவிரல். "ஐயா, இது என் விரலு இல்லைங்கய்யா. நான் கையெழுத்துப் போடுதவன். உள்ள வந்த அன்னைக்கு சாமான் நோட்டுல போட்டிருக்கேன், எடுத்துப் பாருங்க."

உடைமைப் பதிவேட்டைக் கோபாலே தூக்கிக்கொண்டு வந்தார். நீதிபதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்தார். ஒன்றில் கட்டத்தைத் தாண்டி ஓடிய முழுப் பெயர். இன்னொன்றில் விரல். 

"அப்போ இது யாரோட ரேகை?"

"எனக்குத் தெரியாதுங்கய்யா."

நீதிபதி ஜெயிலரிடம் மூன்று கேள்விகள் கேட்டார். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்தீர்களா? பதில் சொல்ல அவகாசம் கொடுத்தீர்களா? கைதியின் சாமானைப் பறிமுதல் செய்வது என்ற தண்டனை எந்த விதியில் இருக்கிறது? குரல் உயரவே இல்லை. மூன்றுக்கும் பதில் வராதபோது, தண்டனையை நிறுத்திவைத்து, முறையாக விசாரித்துப் பத்து நாளில் தனக்கு எழுத வேண்டும் என்று குறிப்பு எழுதிவிட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாசானம் வந்து நின்றார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். ஒரகடத்தில் கம்பெனிக் கட்டடம் எழும்பும்போது சித்தாள் வேலைக்கு வந்து, ஒரு அடிதடி வழக்கில் உள்ளே வந்தவர். மூன்று வருஷமாக விசாரணை முடியவில்லை. ஆபீஸ் வராந்தாவைப் பெருக்குவது அவர் வேலை.

"தம்பி, அது என் விரலாத்தான் இருக்கும்" என்றார். "ஒரு நோட்ட நீட்டி வைய்யின்னாவ. வச்சேன். எனக்கு எதெதுக்கோ வைக்கச் சொல்லுதாவ. இதுவும் அப்பிடின்னு நெனச்சேன்."

இசக்கியப்பனுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "வேற யாருகிட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி" என்றான்.

விசாரணை அன்று இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. குற்றச்சாட்டைக் காகிதத்தில் கொடுத்தார்கள். சூப்பிரண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். போன் உன்னுடையதா என்றார், இல்லை என்றான். யாருடையது என்றார், தெரியாது என்றான். அது நிஜம். பிறகு ஜெயிலர், "ரேகை யாருதுன்னு மட்டும் சொல்லிடு. ஒன் பேர்ல இருக்கறத கிளியர் பண்ணிடலாம்" என்றார்.

சொன்னால் மாசானத்தைத் தனிச் செல்லில் போடுவார்கள். விரல் வைக்கச் சொன்னவரை யாரும் கேட்கப்போவதில்லை. இசக்கியப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரு விரல்னு கண்டுபிடிக்கது என் வேலை இல்லைங்க. என்னுது இல்ல, அதுதான் எனக்குத் தெரியும்" என்றான். சூப்பிரண்டு பேனாவை மூடித் திறந்தார். தண்டனை ரத்து என்று எழுதினார். மனு திரும்பக் கிடைத்தது. சாமான் பறிமுதலும் ரத்தானது. ஆனால் ஃபைல் எங்கே என்பதைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வார்த்தையும் இல்லை.

அடுத்த மனுவில் அவன் சொன்ன இந்தக் கதையையெல்லாம் வேல்விழி வீட்டுக்கு வந்து தாயாரம்மாளிடம் சொன்னாள். ஜாமீன் நிபந்தனை இன்னும் தளர்ந்தபாடில்லை; ஆனாலும் ஜாமீன் கேட்பதற்காகச் சொல்லவில்லை. மனசு தாங்காமல் சொன்னாள். விரல் வைத்த இடம் வந்ததும் தாயாரம்மாள் காய் நறுக்குவதை நிறுத்தினார்.

"எங்க நெலத்த புரோக்கரு வாங்கறப்போ எங்கிட்டயும் இப்டித்தான் விரலு வாங்கினாம்மா. படிச்சிக்கூட காமிக்கல. நாலு எடத்துல வெச்சேன். எதுக்கு வெச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்றார். மறுநாள் பெரிய மகனைக் கூப்பிட்டு, "ரசீது எங்க வெச்ச? எடு. என் பேர்ல கீற வூடு இது" என்றார். தன் தம்பியையும் இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய், இரண்டாவது ஜாமீன்தாரராக அவரை நிறுத்தினார்.

விடுதலை உத்தரவு நவம்பரில் ஒரு சாயங்காலம் நாலரை மணிக்குச் சிறைக்கு வந்தது. வேல்விழியும் தாயாரம்மாளும் வாசலில் நின்றார்கள். உள்ளே கோபால் கவரைப் பிரித்து வாட்சையும் லைசன்சையும் மேசையில் வைத்தார். பதிவேட்டைத் திருப்பினார். 'பட்டியலில் கண்ட பொருள்கள் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது.

"இங்க ஒரு கையெழுத்து போட்டுட்டு கெளம்பு."

"சார், மூணாவது உருப்படி வரல."

"அதான் சொன்னேனேப்பா. அது போயிடுச்சி."

"அப்ப, போயிருச்சின்னு எழுதுங்க. ரெண்ட மட்டும் வாங்கிக்கிட்டேன்னு போடுதேன்."

கோபால் கண்ணாடியைக் கழற்றினார். "நான் எழுத முடியாது தம்பி. சூப்பிரண்டுதான் எழுதணும். அவரு மீட்டிங் போயிட்டாரு, காலைலதான் வருவாரு. ஆறு மணிக்கு லாக்கப். ஒன் சம்சாரம் வாசல்ல நிக்குது. ஒரு பேப்பருக்காக ஒக்காந்துகினு இருக்கப்போறியா?"

இசக்கியப்பன் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து இருபது. பேனாவைக் கையில் எடுத்தான். அந்த வாசலைத் தாண்ட வேண்டும் என்று அவனுக்கு இருந்த ஆசையைச் சொல்லி முடியாது. கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் இதில் கையெழுத்துப் போட்டால், ஃபைல் தொலையவே இல்லை, அவனே வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று ஆகும். அது அவனே அவனுக்கு எதிராகப் போடும் கையெழுத்து. போன தடவை பொய்க்கு வேறொருத்தர் விரல் வைத்தார். இந்தத் தடவை அவனே வைக்க வேண்டுமா?

பேனாவை மேசையில் வைத்தான். "காலைல போறேன் சார்" என்றான்.

வாசலுக்கு ஒரு வார்டர் போய்ச் சொன்னார். வேல்விழிக்கு அவர் சொன்னது விளங்கவில்லை, மறுபடி கேட்டாள். விளங்கியதும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். தாயாரம்மாள்தான் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார்.

காலையில் சூப்பிரண்டு அவனை வரச்சொன்னார். முந்தின நாள் நடந்ததைக் கோபால் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. "போன பேப்பர் திரும்ப வராதுப்பா. எழுதினா மட்டும் என்ன ஆகும்?" என்று கேட்டார். எரிச்சலாகக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

"நகல் கேட்டு எழுதிப்போடணும் சார். எப்படித் தொலைஞ்சதுன்னு கேப்பாங்க. நான் தொலைக்கல."

சூப்பிரண்டு பதிவேட்டை வாங்கி, மூன்றாவது வரிக்கு எதிரே, சிறைக் காவலில் இருந்தபோது காணாமல் போனது, திருப்பித் தரப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதையே ஒரு கடிதமாகத் தட்டச்சு செய்து முத்திரையும் வைத்துக் கொடுக்கச் சொன்னார். ஜெயிலர் மேல் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று இசக்கியப்பனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வேறு ஊருக்கு மாற்றினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டான்.

நகல் சான்றிதழ் வர ஏழு மாதம் ஆனது. அதன் தலையில் நகல் என்று பெரிய முத்திரை. இன்டர்வியூ போகும் இடத்திலெல்லாம் ஒரிஜினல் எங்கே என்று கேட்டார்கள். பொய் சொல்ல நல்ல பொய்கள் இருந்தன: வெள்ளத்தில் போயிற்று, ரயிலில் தொலைந்தது. அவன் அந்தக் கடிதத்தை எடுத்து மேசையில் வைப்பான். இரண்டு கம்பெனிகளில் கடிதத்தின் தலைப்பைப் படித்ததுமே சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நடுவில் ஒரு செங்கல் லாரியில் கிளீனராகக்கூட இருந்தான். மூன்றாவது இடத்தில், வல்லம் வடகால் கிடங்கு ஒன்றின் மேனேஜர், கடிதத்தை முழுக்கப் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, "ரீச் டிரக் ஓட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். உயரத் தட்டுகளில் பெட்டி ஏற்றும் அந்த வண்டியை ஓட்டிக் காட்டினான். 2015-இல் வழக்கும் முடிந்தது. சாட்சி இல்லை என்று எல்லோரையும் விடுவித்தார்கள். மாசானத்துக்கு அப்போதும் வழக்கு முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இசக்கியப்பன் போய் மனு போட்டு அவரைப் பார்த்து, துண்டும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு வருவான்.

அந்த ஒரு ராத்திரியைப் பற்றி வேல்விழி ரொம்ப நாள் பேசவில்லை. வேலை கிடைத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்.

"நீங்க செஞ்சது சரிதான். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நான் வாசல்ல நிக்குதேன்னு தெரியும்ல. ஒரு ஆளை விட்டு, இப்பிடி இருக்கு, என்ன செய்யட்டும்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

இசக்கியப்பன் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான்.  கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்க என்றுதான் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

"கேட்டிருக்கணும்" என்றான்.

அவள் பிழிந்த போர்வையின் ஒரு முனையை அவன் பக்கம் நீட்டினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறிக் கொடியில் போட்டார்கள்.